பேய்க்கஞ்சி

ஈப்போ
4 பிப்ரவரி 2024

அன்புத் தங்கச்சி ஷாமினிக்கு,

அண்ணன் தீபன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணி பிரமிளாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். ஜெர்மனிக் குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

கையால் எழுதிய கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே. என் கைப்பேசி பேருந்து நிலையத்து லோங்காங்கில் விழுந்து, சாக்கடைத் தண்ணீரோடு போய்விட்டது. புதிது வாங்க மனமில்லை. முப்பது வருடமாக “தெலுக் இந்தான், தெலுக் இந்தான், பாகான் டத்தோ” என்று கூவிக் கூவி பஸ்ஸுக்கு ஆள் ஏற்றுகிறவன் நான். வீட்டுக்கு வந்த பிறகும் பேச வேண்டுமா? பிரமிளாவுக்கும் அழைக்காதே. தையல் கடையில் வேலை நேரத்தில் போன் எடுக்க விடுவதில்லை.

தஞ்சோங் மாலிமில் விடுதியில் தங்கிப் படித்தபோது வாரம் ஒரு கடிதம் எழுதுவாயே, அதுபோல இனி எழுது. அந்தக் கடிதங்களை நேற்று எடுத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே புகார்தான், விடுதிச் சாம்பாரில் பருப்பு இல்லை என்று.

நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. கேட்கிறவர்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
தீபன்

யேனா, ஜெர்மனி
26 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணே,

உன் கையெழுத்தை உறை மேல் பார்த்ததும் பயந்துதான் போனேன். வாசலிலேயே பிரித்துப் படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். குளிருக்கு உதடு வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஜனவரியில் பேசியபோது உன் தொண்டை கட்டியிருந்ததே, தீர்ந்ததா?

என் வேலை உனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். தோட்டத்தில் மழைக்குப் பிறகு இற்றுப்போன ரப்பர் கட்டையில் மஞ்சளாக ஒன்று படர்ந்திருக்குமே, பேய்க்கஞ்சி என்போமே, அதுதான் இது. இங்கே அதைக் கண்ணாடித் தட்டில் ஓட்ஸ் போட்டு வளர்க்கிறார்கள். சளிப்பூஞ்சை என்று பெயர், ஆனால் பூஞ்சை இல்லை. கைக்குட்டை அகலத்துக்குப் பரந்தாலும் அது ஒரே ஓர் உயிரணு. உள்ளே தடுப்புச் சுவரே இல்லை. லட்சக்கணக்கான உட்கருக்கள் அதற்குள் மிதக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் இரண்டாகப் பிரியும். பிரிந்த கையோடு டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்கிவிடும். விடியலில் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடித்ததும் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் பாலுக்கு மரம் சீவப் போகுமே, அந்த மாதிரி.

நான் அதைப் பனிக்கட்டியில் வைத்து அரைத்துச் சாறு எடுக்கிறேன். உயிரணு உடைந்துபோகும். டிஎன்ஏவும் அதைப் படியெடுக்கும் பொருள்களும் சாற்றில் இருக்கும். முன்பே தொடங்கிய படியெடுப்பு சாற்றிலும் கொஞ்ச நேரம் தொடரும் என்பது பழைய செய்தி. புதிதாகத் தொடங்குமா என்பதுதான் என் கேள்வி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் அது கைகூடவில்லை.

அண்ணே, போன மாதம் என் சாற்றில் தொடங்கியது! பேராசிரியர் அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று போன் செய்தேன். போகவில்லை. லோங்காங்கை என்ன சொல்ல!

நேரத்துக்குச் சாப்பிடு. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கச்சி
ஷாமினி

ஈப்போ
24 மார்ச் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தபோது ஜாகிர் பக்கத்தில் இருந்தான். அவனும் அவன் சாப்பாட்டுக் கடையும் சுகம். பிரமிளா சுகம். எனக்கு வயிறு சரியில்லாமல் இரண்டு வாரமாகக் கஞ்சி ஆகாரம்தான், அதனால் கையெழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போகிறது. தொண்டையை டாக்டர் பார்த்துவிட்டார். இனி அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கடிதத்தை ஜாகிர்தான் வாங்கி உரக்கப் படித்தான். “என்னாலா மச்சான், உன் தங்கச்சி பேயப் புடிச்சு அரைச்சு ஜூஸ் போடுதா?” என்று அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் படுத்திருந்தவர் விழித்துக்கொண்டார். பிரமிளா சும்மா இருப்பாளா? பத்திரிகைக்குச் சொல்லிவிட்டாள். “பேரா தோட்டத்துப் பெண் ஜெர்மனியில் சாதனை” என்று உன் படத்தோடு நான்கு வரி வந்திருக்கிறது. ஜாகிர் அதை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டான். ரொட்டி சானாய் தின்ன வருகிறவர்கள் எல்லாரும் உன்னைப் பார்க்கிறார்கள்.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புகைக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த கட்டை. உனக்கு ஏழு வயது. உன் பிஸ்கட்டைப் பொடித்து அந்தக் கஞ்சிக்கு ஒரு விரல் தள்ளிப் போட்டாய். மறுநாள் போய்ப் பார்த்தால் பிஸ்கட் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அடுத்த வீட்டுக் காளியம்மா அத்தை, “ஏய் தீபா, அந்தப் புள்ளைய இழுத்துட்டு வாலா, பேய்க்கஞ்சியத் தொட்டா கை அழுவிரும்!” என்று கத்தினார். நீ இரண்டு கையையும் நீட்டி, “அழுவல அத்தே, பாருங்க” என்றாய். அந்தக் கை இன்று ஜெர்மனியில் வேலை செய்கிறது.

அம்மாவுக்கு முடியாமல் போனபோது மேல்படிப்புக்கு உனக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வந்தாய். பதினான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாய். இப்போதுதான் மறுபடி கிடைத்திருக்கிறது. வேறு எதையும் நினைக்காமல் முடித்துவிட்டு வா.

நன்றாகத் தூங்கு, உடம்பு முக்கியம்.

அண்ணன்
தீபன்

யேனா
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணே, அண்ணி,

இருவருக்கும் புத்தாண்டு வாழ்த்து. அண்ணே, வயிறு குணமானதா? இங்கே நான் தனியாகப் பாயசம் வைத்தேன். ஜவ்வரிசி கிடைக்காமல் சேமியாவைப் போட்டுச் சமாளித்தேன்.

எங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆகஸ்டில் அச்சாகும். முதல் பெயர் என்னுடையது. சொன்னதைக் கேட்காமல் அண்ணிக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

உன் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று நீ “ஷாமினீ, சாப்பிட வா” என்று ஒரு சத்தம் கொடுத்தால் இருபதாம் நம்பர் மலையில் பால் எடுப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். வேண்டுமென்றே ஒளிந்துகொள்வேன். இங்கே யாரும் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை.

புதுப் போன் ஒன்று வாங்கேன் அண்ணே. பத்திரமாக இருங்கள்.

ஷாமினி

ஈப்போ
9 ஜூன் 2024

அன்பு ஷாமினிக்கு அண்ணி எழுதுவது.

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அண்ணன் எழுதச் சொன்னார். கடிதம் கிடைத்தது, சந்தோசம். பதில் போடத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. தினமும் காலையில் அவருக்கு ஓர் இடத்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. திரும்பியதும் களைத்துப் படுத்துவிடுகிறார். அந்த வேலை இந்த மாதக் கடைசியோடு முடிந்துவிடும். பிறகு அவரே எழுதுவார்.

நான் போனை எடுக்காதது வேறு எதற்கும் இல்லை. எனக்குப் பொய் பேச வராது, அதாவது கூச்சம், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு அம்மா.

பிரமிளா

யேனா
30 ஜூன் 2024

அன்புள்ள அண்ணே,

நீ சௌக்கியமாகத்தான் இருக்கிறாயா? அண்ணியின் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். அது என்ன இடம், தினமும் என்ன வேலை? வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாயா?

நான் இருக்கிறேன். பழைய சோதனையைத் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து முறை ஆகிவிட்டது. 

ஜாகிர் அண்ணன் கடையில் மாட்டிய அந்தச் செய்தியை எடுத்துவிடச் சொல்கிறாயா? காரணம் ஒன்றுமில்லை. படத்தில் நான் நன்றாக இல்லை.

உடனே எழுது.

ஷாமினி

ஈப்போ
21 ஜூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் திடமாக இருக்கிறேன், கொஞ்சம் மெலிந்திருக்கிறேன். வேலையில் என்னைப் பொட்டலங்கள் அனுப்பும் பக்கம் மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்து முத்திரை குத்தும் வேலை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? உன் எழுத்தில் உற்சாகம் குறைந்திருக்கிறது.

போன ஞாயிறு ஜாகிர் கடைக்கு விடுமுறை விட்டு, “வா மச்சான், ஒரு ரவுண்டு போலாம்” என்று காரில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கே என்று சொல்லவில்லை. சிலிம் ரிவர் தாண்டி வண்டி திரும்பியபோதுதான் தெரிந்தது, நம் தோட்டம்!

ரப்பர் ஒரு மரம்கூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு நட்ட செம்பனை. நம் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் உரக் கிடங்கு. புகைக்கூடத்தின் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அதில் நின்றேன். அம்மா பால் வாளியோடு வந்து கால் கழுவும் பைப்பு எந்த மூலையில் இருந்தது என்று தேடினேன். நீ கேட்டால் சிரிப்பாய், ரப்பர்ப் பால் நாற்றம் இருக்கிறதா என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

முந்தின நாள் நல்ல மழை. வெட்டிப் போட்ட பனை மட்டைக் குவியலை ஒரு குச்சியால் கிளறினேன். உன் பேய்க்கஞ்சி அங்கே இருந்தது, பாப்பா! அதே மஞ்சள், விசிறி மாதிரி விரித்துக்கொண்டு, நரம்பு நரம்பாக. உனக்காகச் சட்டைப்பையில் காகிதம் வைத்திருந்தேன். கொஞ்சம் ஒற்றி எடுத்து நிழலில் காய வைத்திருக்கிறேன். கடிதத்தோடு அனுப்பட்டுமா?

இதற்கிடையில் ஜாகிர் எங்கோ நடந்து வழி தவறிவிட்டான். எல்லா வரிசையும் ஒன்று போலவே இருப்பதால் திசை தெரியவில்லை. அவன் கைப்பேசியோ காரில் கிடக்கிறது. அவனைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்தான், பாவம்.

செய்தியை அவன் எடுக்க மாட்டானாம். “நல்லாத்தானே இருக்கு படம்” என்கிறான்.

உடம்பைக் கவனி.

அண்ணன்

யேனா
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணே,

உன் உடம்பு மெலிந்தது எதனால்? மறைக்காமல் எழுது.

அந்தக் காகிதத்தை அனுப்பிவிடாதே. அரசாங்க அனுமதி இல்லாமல் உயிருள்ள எதையும் நாடு தாண்டி அனுப்பக் கூடாது. ஆனால் நீ குனிந்து மட்டையைக் கிளறியதை நினைத்து நான் அழுதேன். நல்ல அழுகைதான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஜாகிர் அண்ணன் வழி தவறியபோது நீ ஏன் கூப்பிடவில்லை? ஒரு சத்தம் கொடுத்தால் போதாதா?

இனி என் கதை. இதை யாரிடமும் சொல்ல முடியாமல் இரண்டு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தேன்.

என் சாற்றில் எதுவும் தொடங்கவில்லை அண்ணே. உட்கருக்கள் பிரிவதற்கு முன்பே அதை அரைக்க வேண்டும். பிரிந்துவிட்டதா என்று பார்க்க ஓரத்திலிருந்து சிறு துண்டு வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். அந்த ஓரம் வளர்ப்புப் பெட்டியின் கதவுப் பக்கம் இருந்தது. கதவு சரியாகப் பொருந்தாமல் அங்கே குளிர் கசிந்திருக்கிறது. அதனால் ஓரம் மட்டும் பத்து நிமிடம் பின்தங்கியிருந்தது. நடுப்பகுதி அதற்குள் பிரிந்து, படியெடுக்கவும் தொடங்கிவிட்டது. நான் பார்த்தது பழைய வேலை தொடர்ந்ததை. புதிதாகத் தொடங்கியது என்று எழுதிவிட்டேன். தட்டை நடுவிலும் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று ஜூனில்தான் தோன்றியது. அதன் பிறகு எத்தனை முறை செய்தும் ஒன்றும் தொடங்கவில்லை.

கட்டுரை அச்சாக மூன்று வாரம் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. பட்டமும் கிடைத்திருக்கும். ஒவ்வொரு திங்களும் சொல்லிவிட நினைத்துக் கதவு வரை போய்த் திரும்பினேன். ஐந்தாவது திங்கள் உள்ளே போய்விட்டேன். பேராசிரியர் அம்மா என் குறிப்பேட்டை ஒரு மணி நேரம் படித்தார். “எத்தனை நாளாகத் தெரியும்?” என்று கேட்டார். சொன்னேன். தவறு செய்ததைவிட அத்தனை நாள் தனியாக வைத்திருந்ததுதான் அவருக்குக் கோபம். கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். என் படிப்பு இன்னும் ஒரு வருடம் நீளும்.

உனக்குத் தலைகுனிவு வைத்துவிட்டேன். ஜாகிர் அண்ணனிடம் இப்போதாவது எடுக்கச் சொல்.

ஷாமினி

ஈப்போ
1 செப்டம்பர் 2024

அன்புத் தங்கச்சி ஷாமினிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று முதல் முறையாக நிஜமாகத் தெரிந்துகொண்டேன். ஆகவே நான் எப்படி இருக்கிறேன் என்றும் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

ஜனவரியில் நீ கேட்ட கரகரப்பு புற்றுநோய். குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார்கள். மார்ச் எட்டாம் தேதி எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியாகத்தான் மூச்சு. மே, ஜூன் முழுக்கத் தினமும் காலையில் கதிர்வீச்சு. இப்போது நோய் இல்லை என்கிறார்கள். குரலும் இல்லை.

போன் எந்த லோங்காங்கிலும் விழவில்லை. பிரமிளாவின் அலமாரியில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஐந்தாவது நிமிடம் கூப்பிடுவாய். கூப்பிட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் மறுநாள் விமானம் ஏறிவிடுவாய். அம்மாவுக்காக ஒருமுறை விட்டுவிட்டு வந்தாய். எனக்காகவும் விட்டுவிட்டு வந்தால் நான் எந்த முகத்தோடு பிழைத்துக் கிடப்பேன்? அதற்குத்தான் கடிதம்.

நீ கேட்டாயே, ஏன் கூப்பிடவில்லை என்று. கூப்பிட்டேன் பாப்பா. பனை மரங்களுக்கு நடுவே நின்று, மறந்துபோய், பழைய மாதிரி நெஞ்சு நிறைய இழுத்து வாயைத் திறந்தேன். கழுத்திலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. முப்பது வருடம் பஸ் என்ஜின் சத்தத்தை மீறிக் கூவியவன். பிறகு காருக்குப் போய் ஹாரனை அழுத்தி அழுத்திப் பிடித்தேன். சத்தம் வந்த திசையில் அவன் வந்து சேர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். “சுசா லா, கஷ்டம் இந்தக் காடு” என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு மூக்கை உறிஞ்சியதும் அப்படித்தான். மூக்கு வழியாக மூச்சு போகாவிட்டால் வாசனையும் தெரியாது.

நீ தலைகுனிவு என்று எழுதியிருக்கிறாய். நீ ஐந்து திங்கள் கதவு வரை போய் வந்தாய். நான் எட்டு மாதம் அதுகூடச் செய்யவில்லை.

ஜாகிரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு நாற்காலியில் ஏறிச் செய்தியைக் கழற்றினான். “அடுத்த வருசம் வேற போடுவாங்கல்ல, அப்ப மாட்டலாம்” என்றான்.

என்னைத் திட்டி எழுது. ஆனால் சாப்பிட்டுவிட்டு எழுது.

அண்ணன்
தீபன்

யேனா
19 செப்டம்பர் 2024

அண்ணே,

சாப்பிட்டேன். திட்டுவதற்கு நான்கு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நீ படுத்திருந்த நாளில் நான் சேமியாப் பாயசத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். குரல் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்? அம்மாவுக்காக வந்ததை நான் ஒரு நாளும் நஷ்டமாக நினைத்ததில்லை. அதை நீ என்னிடம் கேட்டதே இல்லை. நீயாக முடிவு செய்துகொண்டாய். அதற்குத்தான் கோபம்.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி உண்டு என்று இங்கே விசாரித்தேன். உன்னிடமும் இருக்கும், பெட்டியில் கிடக்கும். எனக்கு உன்னைத் தெரியும்.

அக்டோபர் 13, ஞாயிறு, உன் நேரம் மாலை நான்கு மணிக்கு அண்ணியின் போனுக்கு அழைப்பேன். வர வேண்டாம் என்றால் வர மாட்டேன். ஆனால் அதை நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். எழுதி அனுப்பினால் ஏற்க மாட்டேன்.

கழுத்துக்குத் தூசி படாமல் பார்த்துக்கொள். அண்ணியிடம் எனக்கு அவர் மேல் கோபமில்லை என்று சொல்.

ஷாமினி

ஈப்போ
15 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சி ஷாமினிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், இந்த முறை பொய்யில்லை. ஞாயிறு பேசி முடித்துவிட்டோம். ஆனாலும் இந்தப் பக்கம் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ சொன்னது சரி, கருவி பெட்டியோடு கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒருமுறை வைத்துப் பார்த்தேன். பழுதான ரேடியோ பேசுவது மாதிரி இருந்தது. அத்தோடு மூடிவிட்டேன். உன் கடிதம் வந்ததும் வெளியே எடுத்தேன். பத்து நாள் பயிற்சி. ஆள் வைத்துப் பழக வேண்டுமே என்று ஜாகிர் தினமும் மத்தியானம் வந்து எதிரில் உட்கார்ந்தான். நான் சொல்வது அவனுக்குப் பாதி புரியவில்லை. எல்லாவற்றுக்கும் “ஆமாலா மச்சான்” என்று தலையாட்டினான்.

நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். “வராதே, வேலையை முடித்துவிட்டு வா.” இதையே நூறு தடவை சொல்லிப் பழகினேன். பிரமிளாகூட, “இப்ப நல்லாப் புரியுதுங்க” என்றாள். ஞாயிறு மூன்றரைக்கே மின்விசிறியை நிறுத்திவிட்டாள். போனை அவள் பிடித்துக்கொண்டாள், நான் கருவியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணி அடித்தது.

நீ “அண்ணே” என்றாய். ஜாகிர், பேசு பேசு என்று கையைக் காட்டினான். நான் பொத்தானை அழுத்தினேன். பழகிய வாக்கியம் வரவில்லை பாப்பா. என்ன வந்தது என்று உனக்குத் தெரியும்.

“எப்ப வார?”

நீ விளங்கவில்லை என்றாய். மறுபடி சொன்னேன். மறுபடியும் விளங்கவில்லை என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாவது தடவை கத்தினேன். அந்தக் கருவியில் கத்த முடியாது, ஆனால் நான் கத்தினேன். நீ அழுதுகொண்டே, “மொதல்லயே கேட்டுச்சு அண்ணே, இன்னொரு தடவ நீ சொல்லணும்னுதான்” என்றாய்.

டிசம்பர் இருபதிலிருந்து பத்து நாள் என்கிறாய். பேராசிரியர் அம்மாவிடம் கேட்டு இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள். பிறகு திரும்பிப் போய் உன் வேலையை முடி. ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு நானே அழைக்கிறேன்.

அண்ணன்
தீபன்